நல்ல தண்ணி வீட்டுப் பெண்

என் பேச்சுகளில் ஒரு படம் தவறாமல் வரும். ஒரு வாயின் படம், வாய் மட்டும். உதடுகளைப் பிளாஸ்டிக் கொக்கியால் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்திருக்கும். முன்பற்களில் பட்டை பட்டையாகப் பழுப்புக் கறை, அங்கங்கே சுண்ணாம்பு தீற்றியதுபோல வெள்ளைத் திட்டு, நடுவே குழிகள். ஒரு பல்லின் முனை உடைந்திருக்கும். படத்தின் கீழே 'குழந்தைப் பருவத்தில் ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்தவர், நாமக்கல் மாவட்டம்' என்று எழுதிவைத்திருக்கிறேன். அதைத் திரையில் போட்டதும் அவையில் யாராவது ஒருவர் 'உச்' கொட்டுவார். நான் கறையைச் சுட்டிக் காட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவேன்.

ஒரு கருத்தரங்கில் ஒருவர் எழுந்து, படத்தில் இருக்கும் நோயாளியிடம் சம்மதம் வாங்கினீர்களா என்று கேட்டார். கறாரான மனிதர். வாங்கினேன் என்றேன். அன்றைக்கு நான் சொன்னவற்றில் யாராலும் மறுக்க முடியாத உண்மை அது ஒன்றுதான். அது என்னுடைய வாய்.

சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே இருக்கிறது எங்கள் ஊர். அந்தப் பக்கத்து ஆண்கள் ஒன்று லாரியில் போவார்கள், இல்லாவிட்டால் ரிக்கில் போவார்கள். அப்பா ரிக்கில் போனார். ரிக் என்றால் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் வண்டி, அதில் டிரில்லர். ஆந்திரா, கர்நாடகா, மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் சுற்றி ஊரான் வீட்டுக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவருடைய சொந்தக் கிணறு வறண்டு கிடந்தது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அவருடைய வண்டி பழுது பார்க்கத் திருச்செங்கோடு திரும்பியிருக்கிறது. முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி வண்டியை எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஊரில் அதுவரை எவரும் போகாத ஆழத்துக்குப் போனாராம். பாறைத் தூசி பறந்து தெருவே வெளுத்துவிட்டதாம். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாராம்.

தண்ணீர் பீறிட்டதும் அதைக் கையில் ஏந்திக் குடித்துப் பார்த்துச் சொல்வது அப்பாவின் வேலை. உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா? எங்கள் பக்கத்தில் தண்ணீரில் இந்த இரண்டு சாதிதான் உண்டு, மூன்றாவது ஒன்று இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. அப்பா குடித்துப் பார்த்தார். நல்ல தண்ணி என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பெயரே நல்ல தண்ணி ஊடு என்றாகிவிட்டது.

நல்லது என்பதற்கு அத்தாட்சிகளும் இருந்தன. பழைய கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவே வேகாது; இதில் நொடியில் குழைந்தது. சோப்பு போட்டால் நுரை பொங்கியது. டீ நல்ல நிறத்தில் இறங்கியது. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மதில் சுவரைத் துளைத்துத் தெருப்பக்கம் ஒரு குழாய் வைத்து, அதன் கீழே சிமெண்ட் மேடையும் கட்டிவிட்டார். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். தண்ணீர் இருக்கிற வீடா என்று விசாரித்துவிட்டுத்தான் பெண் கொடுப்பார்கள் எங்கள் பக்கம். அப்படிப்பட்ட இடத்தில் தெருவுக்கே தண்ணீர் கொடுத்த மனிதருக்கு என்ன மரியாதை இருந்திருக்கும்? கல்யாண வீடுகளில் அவருக்கு முதல் பந்தியில் இடம் இருந்தது.

எனக்குப் பால்பல் விழுந்து முளைத்த பற்கள் பழுப்பாக முளைத்தன. தம்பிக்கும் அப்படியே. தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் அப்படித்தான். பெரியவர்களின் பற்கள் மட்டும் பளிச்சென்று இருந்ததால் அவர்கள் எளிதாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்: இந்தக் காலத்துப் பிள்ளைகள் பல் விளக்குவதில்லை. நான் விளக்கினேன் ஐயா. சாம்பல், உப்பு, கரி, செங்கல்பொடி, வேப்பங்குச்சி, ஈறில் ரத்தம் வரும்வரை எல்லாவற்றாலும் விளக்கினேன். பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியை எல்லோர் முன்னாலும் என்னை ஈ என்று காட்டச் சொல்லி, வீட்டில் பற்பொடி வாங்க வக்கில்லையா என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போனது. எங்கள் தெருவில் என் வயசுப் பெண்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. வெளியூர்க்காரர்கள் அதை அடக்கம் என்று புரிந்துகொண்டு மெச்சினார்கள்.

வேதியியலை நான் காதலித்துப் படிக்கவில்லை. காதலித்துப் படித்ததாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். உண்மை என்னவென்றால், ஆய்வுக்கூடத்தில் குனிந்து நிற்கலாம். யாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. ஆசிரியர் பயிற்சிக்குப் போகச் சொன்ன அம்மாவிடம் மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றதற்கும் அதுதான் காரணம். வகுப்பு முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேலை எனக்கு எதற்கு?

சேலத்தில் முதுகலை படித்தபோது தண்ணீரைச் சோதிக்கும் பாடம் வந்தது. சிவப்புச் சாயக் கரைசல் ஒன்றைத் தண்ணீரில் கலக்க வேண்டும். தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்குச் சிவப்பு வெளிறும். அவரவர் ஊர்த் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னார்கள். அப்பாவே ஒரு பாட்டிலைக் கழுவிப் பிடித்துக் கொடுத்தார். மற்றவர்களுடைய சோதனைக் குழாய்களில் சிவப்பு சிவப்பாகவே நின்றது. என்னுடையதில் காணாமல் போனது. கை தவறிவிட்டது என்று மறுபடியும் செய்தேன், பாதிக்குப் பாதி சுத்த நீர் கலந்தும் செய்தேன், அப்போதும் சிவப்பு நிற்கவில்லை. பேராசிரியர் எட்டிப் பார்த்து, இது எந்த ஊர்த் தண்ணீர், இதையா குடிக்கிறார்கள் என்று கேட்டார். உறவினர் ஊர் என்றேன். அவர் என் பல்லைப் பார்த்தார். பிறகு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு நூலகத்தில் போய்ப் படித்துத் தெரிந்துகொண்டேன். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்து அடியில் தள்ளிவிடும். சுண்ணாம்பு குறைந்த மென்மையான தண்ணீரில்தான் பாறையின் ஃபுளோரைடு கரைந்து தங்கும். பருப்பு குழைவதும் சோப்பு நுரைப்பதும் அந்த மென்மையால்தான். எதையெல்லாம் காட்டி நல்ல தண்ணி என்று கொண்டாடினோமோ, அதெல்லாம் அந்தத் தண்ணீரின் குற்றத்துக்குச் சாட்சி. ஃபுளோரைடுக்கு ருசி கிடையாது, வாசனை கிடையாது. அப்பா எத்தனை கை அள்ளிக் குடித்திருந்தாலும் தெரிந்திருக்காது. ஈறுக்குள் பல் உருவாகும் வயதில் குடிக்கிற பிள்ளைக்குத்தான் அது பல்லில் ஏறும். அப்பாவின் பல் அந்தப் போர் போடுவதற்கு வெகுகாலம் முன்பே முளைத்து முடிந்துவிட்ட பல்.

அந்த வாரம் ஊருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அப்பா கேட்டார், தண்ணி எப்படியாமா என்று. நன்றாக இருக்கிறதாம் என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதைச் சொல்வது? மறுநாள் காலையில் குழாயடியில் நின்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார், காலேஜிலேயே சோதித்து நல்ல தண்ணி என்று சொல்லிவிட்டார்கள் என்று. நான் ஜன்னலுக்குள் நின்று கேட்டேன். வெளியே போய் மறுத்திருக்கலாம்.

அதற்குப் பதிலாக முனைவர் பட்டத்துக்குப் போனேன். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அப்படித்தான் நடந்தது. தண்ணீரிலிருந்து ஃபுளோரைடை எடுத்துவிட்டால் அப்பாவிடம் எதுவுமே சொல்ல வேண்டியதில்லை அல்லவா? சேலத்துச் சுரங்கத்தின் வெள்ளைக்கல்லைச் சுட்டுப் பொடியாக்கித் தண்ணீரில் போட்டால் அது ஃபுளோரைடை இழுத்துக்கொள்ளும். இழுத்தது. ஆனால் வெளியே வந்த தண்ணீர் சோப்புக் கரைத்ததுபோல இருந்தது, வாயில் வைக்க முடியவில்லை. அந்தக் காரத்தன்மையைக் குறைப்பதிலேயே என் இளமை கழிந்தது. உதவித்தொகை சில சமயம் வரும், பல சமயம் வராது. கட்டுரைகள் திரும்பி வந்தன. கடைசியில் பட்டம் கிடைத்தது, என் பொடி கிடைக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தது, ஒரு குடும்பம் சமையலறையில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அது வளரவே இல்லை. வாய்மொழித் தேர்வில் என் வழிகாட்டி, கொஞ்சம் சிரித்த முகமாகப் பேசம்மா என்று காதில் சொன்னார்.

பேச ஆரம்பித்தது வானொலியில். ஓர் அறிவியல் நிகழ்ச்சிக்கு ஆள் வராமல் போன அன்று என்னை உட்காரவைத்தார்கள். சுற்றிலும் யாரும் இல்லை, மைக் மட்டும்தான். சோப்பு ஏன் நுரைக்கிறது என்று பேசினேன். வாயைப் பொத்தாமல் பேசினால் எனக்கு இவ்வளவு வார்த்தைகள் வருமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பிறகு சேலத்தில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்து, கொண்டப்பநாயக்கன்பட்டியில் குடிவந்ததும், சொந்தமாக வீடியோ போடத் தொடங்கினேன். மலைப்பாதை ஆரம்பிக்கிற இடம் என்பதால் லாரி இரைச்சல் ஓய்ந்த நேரம் பார்த்துக் குரலைப் பதிவு செய்ய வேண்டும். வீடியோவில் என் கைகள் மட்டும்தான் வரும். முட்டை ஓட்டை வினிகரில் கரைப்பேன், ஜவ்வரிசியில் அயோடின் விடுவேன், வெல்லத்தின் நிறத்தைப் பற்றிச் சொல்வேன். கைகளுக்கு ரசிகர்கள் சேர்ந்தார்கள். முகத்தைக் காட்டாத அடக்கத்தைப் பாராட்டி எழுதினார்கள். மறுபடியும் அந்த அடக்கம்!

ஃபுளோரைடு பற்றியும் ஒரு வீடியோ போட்டேன், எந்த ஊர் என்று சொல்லாமல். அப்பா அதைத் தன் ரிக் நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "பாவம் சாமி அந்த ஊருச் சனங்க. நம்ம தண்ணி மாதர அவுங்களுக்கு அமையுல பாரு" என்றார். ஆமாங்கப்பா என்றேன்.

முகக்கவசம் போட்ட காலம் எனக்குப் பொற்காலம். உலகமே என்னைப்போல வாயை மூடிக்கொண்டது. அது முடிந்ததும் கவசத்தைக் கழற்றச் சொன்னார்கள். ஒரு பெரிய அறிவியல் நிகழ்ச்சியில் முகம் காட்டிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். நெடுநாளாக நான் ஆசைப்பட்ட மேடை. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பல் மருத்துவரிடம் போனேன். குழி விழுந்த பற்கள் என்பதால் சுற்றிலும் ராவி, மேலே வெள்ளை உறை மாட்ட வேண்டும் என்றார். ராவுவதற்கு முன் எடுத்த படத்தை என்னிடம் தந்தார். பத்திரமாக வைத்துக்கொண்டேன். என் துறைக்கு அதைவிடத் தெளிவான படம் வேறு எங்கே கிடைக்கும்? ஆராய்ச்சிக்காரியின் பேராசை வெட்கத்தையும் தின்றுவிடும்.

புதுப் பல்லோடு ஊருக்குப் போனபோது அம்மா கன்னத்தைத் தொட்டுப் பார்த்து அழுதார். அப்பா என்ன செய்தாய் என்று கேட்டார். டாக்டரிடம் சுத்தம் பண்ணிக்கொண்டேன் என்றேன். அவர் முகத்திலிருந்து ஏதோ பாரம் இறங்கியதுபோல இருந்தது. மகள் அழகானதில் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் அவருக்குள்ளும் ஒரு சந்தேகம் இருந்திருக்கும், என் வாயால் அதைத் துடைத்துப் போட்டேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தம்பிக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதன் பிறகுதான் எனக்கு நிம்மதி போனது. தம்பி லாரி வைத்திருக்கிறான், அப்பா அம்மாவோடுதான் குடும்பம். குழந்தைக்குப் பால்மாவு கரைப்பது போர்த் தண்ணீரில். வீட்டுக்கு ஒரு சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கி மாட்டினேன். அப்பா அந்தத் தண்ணீரைச் செத்த தண்ணி என்றார், கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார். கொஞ்ச நாளில் அதன்மேல் துணி காய்ந்தது. தெருவுக்குக் காவேரித் தண்ணீரும் வருகிறது, ஆனால் அதில் மருந்து வாடை என்று பாத்திரம் கழுவத்தான் பிடிக்கிறார்கள். தம்பியிடம் போனில் சொன்னேன். "உனக்கு எதப் பார்த்தாலும் கெமிக்கலு. அப்பாகிட்ட நீயே சொல்லு, என்னால ஆகாது" என்றான். மீசையை வளர்த்துப் பல்லை மறைத்துக்கொண்ட வீரன். ஆனால் அவன் சொன்னதில் தப்பில்லை, நான்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை போகும்போதும் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு அதன் ஈறைப் பார்ப்பேன். நிரந்தரப் பற்கள் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் வயது. இனி ஊருக்குப் போகும்போது சொல்வேன், பொங்கலுக்குச் சொல்வேன், மாரியம்மன் நோன்புக்குச் சொல்வேன் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

இந்த நிலைமையில்தான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை கூப்பிட்டார். பிள்ளைகளின் பல் பற்றி அவருக்குக் கவலை. பெற்றோரையும் வரச்சொல்லியிருக்கிறேன், தண்ணீரைச் சோதித்துக் காட்டுங்கள் என்றார். நான் ஒரு தந்திரம் செய்தேன். வேறு ஊர்த் தண்ணீரைச் சோதித்துக் காட்டுவது, எல்லோரும் பொதுவாகக் காவேரித் தண்ணீரையே குடியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவது. அப்பாவின் பெயரும் கெடாது, குழந்தையும் தப்பிக்கும். அதிபுத்திசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தரையிலும் பெரியவர்கள் பெஞ்சிலும் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள், குழந்தை கையில் தண்ணீர் பாட்டில். அந்த வாயின் படத்தைத் திரையில் போட்டேன். யாரும் உச் கொட்டவில்லை. தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் கைகள், யாரும் சொல்லாமலே, ஒவ்வொன்றாக வாய்க்குப் போயின. இவ்வளவு காலமும் நான் இந்தப் படத்தை யாரிடம் காட்டிக்கொண்டிருந்தேன்! சட்டென்று அடுத்த படத்துக்கு மாற்றினேன்.

சோதனைக் குழாய்களை எடுத்து வைத்தேன். கல்லூரியிலிருந்து கொண்டுவந்த சுத்தமான நீரில் சிவப்பு நின்றது. வேற்றூர்த் தண்ணீரை ஊற்றப் போகும்போது பின்பெஞ்சிலிருந்து அப்பா எழுந்து வந்தார். வெள்ளை வேட்டி சட்டை, கையில் கழுவிப் பிடித்த ஒரு பாட்டில் தண்ணீர்.

"அம்மணி, நம்மூட்டுத் தண்ணியையும் ஒருக்கா போட்டுக் காட்டு. சனங்க தெரிஞ்சுக்கட்டும்" என்றார்.

பாட்டிலை வாங்கினேன். மேசையில் பக்கத்திலேயே சுத்த நீர் இருந்தது. அதை ஊற்றினால் எவருக்கும் தெரியாது. என் கை அந்தப் பக்கம் போகவும் செய்தது, இல்லை என்று சொன்னால் பொய். குழந்தை அப்போது பாட்டிலைச் சப்பும் சத்தம் கேட்டது. அப்பாவின் தண்ணீரை ஊற்றினேன். சாயத்தை விட்டேன். சிவப்பு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிறிப்போனது.

அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. வெளுத்தால் சுத்தம் என்று நினைத்துக்கொண்டார். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். தலைமையாசிரியைதான் தயங்கித் தயங்கிச் சொன்னார், வெளுத்தால் கெட்டது, கேடு மிகுந்த தண்ணீர் என்று அர்த்தம். அப்பா நம்பவில்லை. கோபப்படவும் இல்லை. படிக்காத தெருவுக்குப் புரியவைப்பதுபோலப் பொறுமையாகச் சொன்னார்:

"அப்படியில்லீங்க டீச்சரம்மா. என்ற புள்ள கைக்கொழந்தையில இருந்து இந்தத் தண்ணியத்தான் குடிச்சுது. அதுக்கும் பல்லு காவியாத்தான் இருந்துச்சு. டவுன்ல டாக்டரு சுத்தம் பண்ணுனாரு, போயிருச்சு. அழுக்குங்க அது. தண்ணியில ஒண்ணுமில்லீங்க. பாருங்க அது பல்ல, முத்தாட்டம் இருக்குது."

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். ஆசிரியை முன்னால் ஈ என்று காட்டி நின்ற நாளுக்குப் பிறகு இத்தனை பேர் ஒன்றாகப் பார்த்தது அன்றைக்குத்தான். பெஞ்சிலிருந்து ஒரு தாய், எந்த டாக்டர், சேலத்தில் எங்கே இருக்கிறார் என்று விசாரித்தார். அதோடு கூட்டம் முடிந்ததுபோல எல்லோரும் நெளிந்தார்கள். பல் கெட்டால் சுத்தம் செய்துகொள்ளலாம், தண்ணீரை எதற்கு விட வேண்டும்? இத்தனை வருஷம் படித்ததும் பேசியதும், என் வாயில் இருந்த உறைகளுக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போனது. வேதியியலைக் கொண்டு அப்பாவை மறுக்க முடியாது. என்னைக் கொண்டுதான் மறுக்க முடியும்.

பழைய படத்துக்குத் திரும்பினேன். அந்த வாய் மறுபடியும் சுவர் முழுக்க வந்து நின்றது.

"அப்பா, சுத்தம் பண்ணுனது இல்லீங்க. நான் உங்ககிட்டப் பொய் சொன்னேன். இது நானுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மெல்ல நடந்து திரைக்குப் பக்கத்தில் போனார். அவருடைய தலை நிழல் கீழ் உதட்டில் விழுந்தது. உடைந்த முனையைத்தான் பார்த்தார். தெருக்குழாயின் சிமெண்ட் மேடையில் வழுக்கி விழுந்து நான் உடைத்துக்கொண்ட பல் அது. அன்றைக்கு என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்.

"இந்தப் பல்லு இப்ப எங்க?" என்று கேட்டார்.

"உள்ளதான் இருக்குதுங்க. சுத்தியும் ராவிட்டு மேல உறை மாட்டியிருக்குது."

"ராவறதுன்னா? நாங்க பிட்டு ராவற மாதரயா?"

பாறையைத் துளைத்து மழுங்கிய இரும்பைக் கிரைண்டரில் பிடித்துத் தீட்டுவதைப் பிட்டு ராவுவது என்பார்கள். வாழ்நாள் முழுக்க அவர் செய்த வேலை. தீப்பொறி பறக்கும். ஆமாங்கப்பா என்றேன்.

கூட்டத்தை மறந்துவிட்டார். குரல் தாழ்ந்து, "வலிச்சுதா சாமி?" என்று கேட்டார்.

மரத்துப்போக ஊசி போட்டார்கள் என்று ஒருவாறு சொன்னேன். அவர் தலையாட்டினார். திரும்பிப் போகும் வழியில் தம்பி மனைவியின் முன் நின்று, குழந்தையின் கையிலிருந்த பாட்டிலை மெதுவாக வாங்கிக்கொண்டார். குழந்தை வீறிட்டு அழுதது. பின்பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்து அந்தப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டார். மிச்சப் பேச்சை நான் எப்படிப் பேசி முடித்தேன் என்று தெரியவில்லை. முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. அதற்காக அவர்களுக்கு நன்றி.

வீட்டுக்கு வந்தும் அப்பா அந்தப் பாட்டிலைக் கீழே வைக்கவில்லை. சாப்பிடவும் இல்லை. நீயாவது முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று அம்மா என்னைத்தான் வைதார். திட்டட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். தெருவில் நடமாட்டம் ஆரம்பிக்கிற சாயங்கால வேளையில் அப்பா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் பின்னால் போனேன். தெருக்குழாய்க்குப் போகும் வால்வை மூடிவிட்டுக் குழாயைக் கழற்ற ஆரம்பித்தார். துரு ஏறியிருந்தது, எளிதில் வரவில்லை. உதவப் போனேன், கையைத் தள்ளிவிட்டார்.

எதிர்வீட்டு அம்மா குடத்தோடு வந்து நின்றார். அவருடைய மகள் என்னோடு படித்தவள். இன்றைக்கும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பாள். பெண் பார்க்க வந்தவர்கள் எத்தனையோ முறை எழுந்து போன வீடு அது. அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கவில்லை.

"ஏனுங்க, தண்ணி வர்லீங்களா?" என்று அப்பாவைக் கேட்டார்.

"குடிக்கறதுக்குக் காவேரியப் புடிச்சுக்குங்க. இது இனி வேண்டாமுங்க."

"ஏனுங்க? நல்ல தண்ணியாச்சே."

அப்பா குழாயிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஸ்பேனரைப் பிடித்த கை நின்றுவிட்டது. அவர் வாயால் அதைச் சொல்ல முடியாது, அந்தக் கொடுமையை நான் அவரிடம் கேட்கவும் கூடாது.

"என்ற புள்ள சொல்லும், கேட்டுக்குங்க" என்றார்.

சொல்ல ஆரம்பித்தேன். எத்தனையோ மேடைகளில் சொன்னதுதான், எத்தனையோ ஆயிரம் பேர் கேட்டதுதான். பாறையைச் சொன்னேன், சுண்ணாம்பைச் சொன்னேன், பிள்ளைகளின் பல்லைச் சொன்னேன், உங்கள் மகளின் பல்லுக்கு நாங்கள்தான் காரணம் என்றும் சொன்னேன். எனக்கு வெகுநாளாகத் தெரியும் என்றும் சொன்னேன். அந்த அம்மா குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, புருவத்தைச் சுருக்கி, என் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டார்.

"கையை எடுத்துட்டுச் சொல்லு கண்ணு. ஒண்ணும் வெளங்குல" என்றார்.

அப்போதுதான் தெரிந்தது, நான் வாயைப் பொத்திக்கொண்டு பேசியிருக்கிறேன்.